குட்டிக்கு முன்னே வீடு

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் நடக்கும் டெரியர் கண்காட்சிகளில் நடுவர் நாயின் பல்லையும் காலையும் பார்த்து முடித்த பிறகு இன்னொன்றும் செய்வார். நாய்க்குப் பின்னால் நின்று, அதன் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்படி லேசாகத் தூக்கி, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடிப்பார். கட்டைவிரல்கள் முதுகின் மேலும் மற்ற விரல்கள் மார்பின் அடியிலும் ஒன்றையொன்று தொட்டால் நாய் தேறியது. 'ஸ்பேனிங்' என்று இதற்குப் பெயர். சராசரி மனிதனின் கைகளுக்குள் அடங்காத மார்புள்ள நாய், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலைக்கு ஆகாது.

வேலை என்பது மண்ணுக்கடியில் நடப்பது. செந்நரி வளைக்குள் ஓடி ஒளிந்துகொண்டால், வேட்டை நாய்க் கூட்டம் வெளியே திகைத்து நிற்கும். அப்போது இந்தச் சிறிய நாயை உள்ளே விடுவார்கள். வளர்ந்த செந்நரியின் மார்புச் சுற்று ஏறத்தாழ 14 அங்குலம் என்பது டெரியர்காரர்களின் கணக்கு. நரி நுழைந்த இடத்தில் நாயும் நுழைந்தாக வேண்டும். அளவு மட்டும் போதாது, விலா எலும்புகள் அமுங்கியும் கொடுக்க வேண்டும். உள்ளே போன நாய் நரியைக் கொல்வதை ஜாக் ரசல் டெரியருக்குப் பெயர் தந்த ஜான் ரசல் போன்ற பழைய வேட்டைக்காரர்கள் விரும்பவில்லை. எதிரே நின்று விடாமல் குரைத்து, நரியை இன்னொரு வாசல் வழியாக வெளியே கிளப்புவதே அதன் கடமை. பின்வாங்காத நெஞ்சுரம் வேண்டும், பாய்ந்து கடித்துக் குதறும் வெறி கூடாது. இந்த இரண்டையும் ஒரே உடலில் வைத்திருப்பதுதான் டெரியர் வளர்ப்பின் சிரமம்.

மார்பைக் கையால் அளந்துவிடலாம். கண்ணின் லென்ஸைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் ஐந்தாவது வயதில் அறுந்துபோகுமா, ஒரு காது கேட்காதா, பாட்டனின் எந்தக் குறை பேரனில் வெளிப்படும் என்பதையெல்லாம் கையால் அளக்க முடியாது. பிறக்கும் ஐந்து குட்டிகளில் வேலைக்குப் போகாத மூன்றோ நான்கோ எந்த வீட்டில் எப்படி வாழும் என்பதும் எந்தக் கண்காட்சியிலும் மதிப்பெண் பெறாத கேள்வி. என் கருத்தில் இந்த வகை நாயை இனவிருத்தி செய்பவர் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி அதுதான். அதற்கான காரணம் கருணை மட்டுமல்ல, மரபியலும்கூட.

ஜாக் ரசல் டெரியரின் கதையை எல்லோரும் ஒரே பெட்டையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1795இல் டெவன் மாவட்டத்தின் டார்ட்மத்தில் பிறந்த ஜான் ரசல், ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த 1819ஆம் ஆண்டில், மார்ஸ்டன் என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை வாங்கினார். வெள்ளை உடல், கண்களையும் காதுகளையும் சுற்றிப் பழுப்புத் திட்டுகள், வாலடியில் ஒரு பென்னி நாணய அளவுக்கு ஒரு புள்ளி. பின்னாளில் ஸ்விம்பிரிட்ஜ் ஊரின் பாதிரியாராகி, 1883இல் இறக்கும்வரை அவர் வேட்டையையும் நாய்களையும் விடவில்லை. வெள்ளை நிறத்துக்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது: சேறும் குழப்பமுமான நேரத்தில் வேட்டை நாய்கள் டெரியரை நரி என்று நினைத்துக் கிழித்துவிடக் கூடாது.

1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ரசலும் ஒருவர். கண்காட்சிகளில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவராக இருந்தார், ஆனால் தன் நாய்களைக் கொண்டுபோய் நிறுத்தவில்லை. அவர் வழியில் வந்தவர்களுக்கும் அந்தத் தயக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1974இல் உருவான பிரிட்டன் ஜாக் ரசல் டெரியர் கிளப் கென்னல் கிளப்பின் அங்கீகாரத்தை வேண்டாம் என்றே நின்றது. ஆனாலும் கென்னல் கிளப் 1990இல் 'பார்சன்' (பாதிரியார்) என்ற பெயரில் உயரமான வகையையும், 2016இல் குட்டைக்கால் ஜாக் ரசலையும் ஏற்றுக்கொண்டது. இந்தச் சண்டையை நாய்ப் பிரியர்களின் ஈகோ என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்குள் உண்மையான அறிவியல் பிரச்சினை ஒன்று இருக்கிறது: பதிவேட்டை மூடுவதா, திறந்து வைப்பதா?

பதிவேடு மூடப்பட்டால், இனி பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் அந்தப் பதிவேட்டில் முன்பே உள்ள நாய்களின் வாரிசாக மட்டுமே இருக்க முடியும். புதிய இரத்தம் வராது. தலைமுறை செல்லச் செல்ல எல்லோரும் எல்லோருக்கும் உறவினர் ஆகிறார்கள். ஒவ்வொரு நாயும் சில பழுதான மரபணுக்களை மறைவாகச் சுமக்கிறது. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலை செய்வதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. உறவுக்குள் இணை சேர்க்கும்போது ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அதைக் கணக்கிடும் அளவுக்கு உட்கலப்புக் குணகம் என்று பெயர். உறவில்லாத முன்னோர் வழிவந்த உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், பிறக்கும் குட்டிகளுக்கு 25 சதவீதம். தந்தையோ தாயோ மட்டும் பொதுவாக உள்ள அரை உடன்பிறப்புகள் என்றால் 12.5. மாமன் மகள், அத்தை மகன் உறவென்றால் 6.25. அமெரிக்க ஜாக் ரசல் டெரியர் கிளப் 16 சதவீதத்துக்கு மேல் போன நாய்களைப் பதிவு செய்வதில்லை.

உட்கலப்பு நோயை மட்டும் கொண்டுவருவதில்லை. கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் மரபணுக்களை அலசி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, தாயின் உட்கலப்பு 10 சதவீதம் கூடினால் ஈற்றுக்குச் சராசரியாக ஒரு குட்டி குறைகிறது என்று கண்டது. பெரிய நாய்க்கு ஒரு குட்டி போனால் கண்ணில் படாமல் போகலாம். நான்கு, ஐந்து குட்டிகளே போடும் சின்ன டெரியருக்கு அது பெரிய இழப்பு.

வேலை நாய்க்காரர்கள் இங்கே பெருமையோடு ஒன்றைச் சொல்வார்கள்: எங்களுக்குப் பதிவேடு தேவையில்லை, வேலையே எங்கள் நடுவர். இதில் பாதி உண்மை. மூச்சுவிடத் திணறும் நாய், முட்டி நழுவும் நாய், அடைத்த மூக்கோடு பிறந்த நாய் வளைக்குள் நுழையாது, எனவே அதற்குக் குட்டியும் பிறக்காது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆயுள் அட்டவணையில், ஒப்பிட்ட 18 இனங்களுள் ஜாக் ரசலே முதலிடம் பிடித்தது. பிறக்கும்போது எதிர்பார்க்கத்தக்க ஆயுள் 12.72 ஆண்டுகள். அதே அட்டவணையின் அடியில் பிரெஞ்சு புல்டாக், 4.53. தட்டை மூக்குக்காக வளர்த்ததற்கும் ஓட்டத்துக்காக வளர்த்ததற்கும் இடையே அவ்வளவு தூரம்.

மற்றப் பாதி கண்ணில் இருக்கிறது. டெரியர்களுக்கு வரும் நோய்களில் எனக்கு மிகவும் கொடுமையாகத் தெரிவது லென்ஸ் நழுவல். கண்ணுக்குள் லென்ஸ் அந்தரத்தில் மிதப்பதில்லை. மிக நுண்ணிய நார்கள் அதைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்து நடுவில் நிறுத்துகின்றன. ADAMTS17 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் அந்த நார்கள் மெல்ல மெல்ல நைந்துபோகும். ஒரு நாள் லென்ஸ் கழன்று முன்பக்கம் விழும். கண்ணுக்குள் ஊறும் திரவம் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். வலியும் கடுமையானது. பெரும்பாலும் பிறகு அடுத்த கண்.

இது வெளிப்படுவது மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள். இரண்டு வயதில் முதல் ஈற்று போட்ட பெட்டை ஐந்து வயதுக்குள் மூன்று முறை தாயாகியிருக்கும். நல்ல வேலைக்காரன் என்று பெயரெடுத்த ஆண் நாயோ அதற்குள் பல ஊர்ப் பெட்டைகளோடு சேர்ந்திருக்கும். அதன் கண் சிவக்கும்போது முள் குத்தியிருக்கும், நரி கீறியிருக்கும் என்று நினைப்பதும் எளிது. வேலை என்ற நடுவர் தீர்ப்பு சொல்லும் நேரத்தில் வழக்கு முடிந்து பேரக்குட்டிகள் பிறந்துவிட்டன. இளமையில் காட்டும் குறைகளை வேலை களைந்துவிடும், நடுவயதில் வரும் குறை அதன் கண்ணில் படுவதே இல்லை.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து பணியாற்றியவர்களும் இந்த மரபணு மாற்றத்தை 2010இல் வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், நாய் மூன்றில் எந்த வகை என்று தெரிந்துவிடும்: பழுதில்லாதது, ஒரு பிரதி சுமப்பது, இரண்டு பிரதி உள்ளது. சுமக்கும் நாய்கள் இரண்டைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமக்கும் நாயைப் பழுதில்லாததோடு சேர்த்தால் இரண்டு பழுதான பிரதிகளைப் பெறும் குட்டி பிறக்காது, பாதிக் குட்டிகள் சுமப்பவையாக மட்டும் இருக்கும்.

இந்த இடத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். சுமக்கும் நாய்களையெல்லாம் இனவிருத்தியிலிருந்து ஒரேயடியாக நீக்கிவிட்டால் ஒரே தலைமுறையில் தொல்லை தீருமே என்பார்கள். தீராது. அந்த ஒரு மரபணுவோடு சேர்த்து அந்த நாய்களின் மற்ற ஆயிரக்கணக்கான நல்ல மரபணுக்களையும் எறிகிறோம், இனத்தின் அகலம் சுருங்குகிறது, இதுவரை மறைந்திருந்த வேறொரு பழுது மேலே வருகிறது. சுமக்கும் நாய் நல்ல நாயாக இருந்தால் பழுதில்லாத துணையோடு சேர்த்து, அதன் குட்டிகளைச் சோதித்து, தலைமுறைக்குச் சிறிது சிறிதாகக் குறைப்பதே மரபியலாளர்கள் சொல்லும் வழி. பார்சன் ரசலில் நடை தள்ளாடும் நரம்பு நோய்க்கு CAPN1 என்ற மரபணுவும், ஜாக் ரசலில் அதை ஒத்த, சில நேரம் வலிப்போடு வரும் நோய்க்கு KCNJ10 என்ற மரபணுவும் காரணம் என்று 2013, 2014 ஆண்டுகளில் தெரியவந்தன. அவற்றுக்கும் சோதனை உண்டு, அதே கணக்குதான்.

சோதனைச் சீட்டால் தீராத ஒன்று, எல்லோரும் விரும்பும் ஆண் நாய். ஒருவருடைய நாய் பெயரெடுத்துவிட்டால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் தங்கள் பெட்டையை அதனிடமே கொண்டுவருகிறார்கள். முப்பது ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரே தந்தைக்கு நூற்றைம்பது குட்டிகள். அடுத்த தலைமுறையில் யாரை யாரோடு சேர்ப்பது? அந்த நாயிடம் இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒரு பழுது இருந்தால், சோதனை வருவதற்குள் அது இனம் முழுவதும் பரவியிருக்கும். ஆகவே நல்ல ஆண் நாய் வைத்திருப்பவரின் பொறுப்பு பெரும்பாலான வேண்டுகோள்களுக்கு 'இல்லை' என்று சொல்வது. சேர்க்கைக் கட்டணம் கையில் வரும்போது இது சொல்வதற்கு எளிதான சொல் இல்லை.

அழகுக்குப் பின்னால் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸின் சீலிஹாம் டெரியர் இருக்கிறது. கேப்டன் ஜான் எட்வர்ட்ஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெம்புரோக்‌ஷயரில் தன் பண்ணையில் உருவாக்கிய கடும் வேலை நாய் அது. கண்காட்சிக்குப் போய், தலைமயிர் நீண்டு, உடல் கனத்து, ஹாலிவுட் வீடுகளுக்கெல்லாம் சென்றது. இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் சீலிஹாம் வளர்த்தவர். பிறகு நாகரிகம் மாறியது. 2008இல் பிரிட்டனில் பதிவான சீலிஹாம் குட்டிகள் 43.

வெள்ளை நிறத்துக்குத் திரும்பி வருகிறேன், அதற்கும் ஒரு விலை உண்டு. ஜாக் ரசலின் தர விவரிப்பில் உடலில் 51 சதவீதத்துக்கு மேல் வெள்ளை இருக்க வேண்டும் என்கிறார்கள். தோலில் நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் உண்டு. அங்கே அவை நிறத்துக்காக இல்லை. காதுக்குள் உள்ள திரவத்தில் பொட்டாசியம் அளவைக் காப்பாற்றும் மெல்லிய திசுவில் அவை அவசியமான உறுப்பினர்கள். கருவில் இந்தச் செல்கள் முதுகெலும்புப் பகுதியிலிருந்து உடல் முழுக்கப் பயணம் போகின்றன. வெள்ளை நிறத்துக்கான மரபணு அந்தப் பயணத்தைத் தடுக்கிறது. காதுவரை அவை போய்ச் சேராவிட்டால் அந்தத் திசு சிதையும், அதன் பின் ஒலியை உணரும் செல்கள் இறக்கும். குட்டியின் காது இரண்டு வாரம் தாண்டித்தான் திறக்கிறது. சில நாட்கள் கேட்டுவிட்டு மூன்றாம், நான்காம் வாரத்தில் செவிடாகும் குட்டிகளும் உண்டு.

அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் ஜாக் ரசல்களைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில், ஒரு காது கேளாதவை சுமார் 3 சதவீதம், இரண்டு காதும் கேளாதவை அரை சதவீதம். டால்மேஷியனோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. நம் ராஜபாளையம் நாயில் இளஞ்சிவப்பு மூக்கோடு பால்வெள்ளையாகப் பிறப்பதையே உயர்ந்தது என்று தேர்ந்தெடுத்து வந்ததன் பக்கவிளைவாகச் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை அங்கு வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். காரணம் இரண்டு இடத்திலும் அதே நிறமிச் செல்தான்.

ஒரு காது கேட்காத குட்டியை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கூப்பிட்டால் வரும், பாத்திரம் விழுந்தால் துள்ளும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. ஐந்து வாரம் ஆனபின், தலைத்தோலில் மெல்லிய ஊசி மின்வாய்களைப் பொருத்தி, காதுக்குள் 'டிக்' ஒலிகளை அனுப்பி, மூளைத்தண்டு பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனையால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு காது கேட்கும் நாய் நல்ல வீட்டு நாயாக வாழும். ஆனால் அதற்குக் குட்டி வேண்டாம்.

இனி ஈற்றுக்கு வருவோம். கருமுட்டை வெளியான நாளிலிருந்து ஏறத்தாழ 63 நாள். குட்டி போடுவதற்கு முந்தைய நாளில் தாயின் உடல் வெப்பம் ஒரு டிகிரி அளவுக்கு இறங்கும். வெப்பமானி வைத்துப் பார்ப்பவர் அன்று இரவு விழித்திருப்பார். முதல் நாளே சீம்பால் குடித்தாக வேண்டும், ஏனென்றால் குட்டியின் குடல் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை முதல் 24 மணி நேரத்துக்குள்தான் உள்ளே விடும். முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காக்க முடியாது. இவையெல்லாம் எந்த நாய்க்கும் பொதுவானவை, எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லித் தருவார்.

டெரியருக்கு மட்டும் உரிய பாடம் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வருகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் நாய்களின் குணத்தில் பரம்பரையின் பங்கை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். ஐந்து இனங்களை எடுத்துக்கொண்டார்கள், அவற்றில் ஒன்று கம்பிமயிர் ஃபாக்ஸ் டெரியர். ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை குட்டியின் மனம் புதியவற்றை நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும், அதன் பிறகு கதவு மெல்ல மூடும் என்பது அந்த ஆய்வகத்தின் பெரிய கண்டுபிடிப்பு. மனிதத் தொடர்பே இல்லாமல் வேலியடைத்த வயலில் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குபோல மனிதரைக் கண்டு ஓடின.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். மற்ற இனக் குட்டிகளை ஈற்று முழுவதுமாகச் சேர்த்து வளர்க்க முடிந்தது. ஃபாக்ஸ் டெரியர் குட்டிகளோ ஏழாவது வார வாக்கில் கூட்டமாகச் சேர்ந்து ஒரு குட்டியைத் தனிமைப்படுத்தித் தாக்கத் தொடங்கின. விட்டால் ஆபத்து என்ற நிலையில் பிரித்துவைக்க வேண்டியதாயிற்று. மூன்றுக்கு மேல் ஒன்றாக விட முடியவில்லை. அண்ணன் தம்பி விளையாட்டு என்று நாம் நினைப்பதற்குள் பின்வாங்காமை என்ற அந்தப் பழைய குணம் ஏழு வாரக் குட்டியிலேயே தலைகாட்டுகிறது.

எனவே டெரியர் வளர்ப்பவர் குட்டிகளைப் பின்பக்கக் கொட்டகையில் போட்டுவிட்டு எட்டாவது வாரம் விலை பேசுவது மிகத் தவறான முறை. அந்த ஐந்து வாரமும் குட்டிகள் வீட்டுக்குள், சமையலறைச் சத்தத்தில், குழந்தைகள், முதியவர், பூனை, கோழி, ஆடு, டிராக்டர் ஓசை எல்லாவற்றின் நடுவிலும் இருக்க வேண்டும். பின்னால் கோழியைப் பிடிக்காத டெரியர் வேண்டுமென்றால் கோழியோடு பழக்கும் வயது அதுதான். ஒரு வீட்டுக்கு ஒரே ஈற்றின் இரண்டு குட்டிகளைக் கொடுக்கவும் கூடாது. துணைக்குத் துணையாக இருக்கட்டும் என்று கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்பார். அவை வளர்ந்தபின், குறிப்பாக இரண்டும் பெட்டையானால், மருத்துவமனைச் செலவு யாருடையது என்பதுதான் கேள்வி.

வால் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளைக்குள் சிக்கினால் பிடித்து இழுக்க ஒரு பிடி வால் வேண்டும், மிச்சத்தை வெட்ட வேண்டும் என்பது மரபு. இங்கிலாந்தின் 2006 விலங்கு நலச் சட்டம் வால் வெட்டுவதைத் தடை செய்து, வேலைக்குப் போகும் டெரியர் போன்ற சில வகைகளுக்கு மட்டும், பிறந்து ஐந்து நாளுக்குள், மருத்துவர் கையால் என்று விலக்களித்தது. ஸ்காட்லாந்தில் டெரியருக்கு அந்த விலக்கு இல்லை. எல்லா வகை நாய்களையும் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, ஒரு வால் காயத்தைத் தவிர்க்க ஏறத்தாழ 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. ஐந்து நாள் குட்டியில் எது வேலைக்குப் போகும், எது சோபாவில் படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

வேலை என்பதும் இப்போது மாறிவிட்டது. 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மண்ணுக்கடியில் நாயை விடுவதற்கு மிகக் குறுகிய விலக்கே மிஞ்சியிருக்கிறது. துப்பாக்கி வேட்டைக்காக வளர்க்கும் பறவைகளைக் காக்க மட்டும், நிலக்காரரின் எழுத்து அனுமதியோடு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய். வளைக்கரடியை (பேட்ஜர்) தொடுவது முன்பே குற்றம். ஆகவே பெரும்பாலான வேலை டெரியர்களுக்கு இன்று எலிதான் வேலை. தானியக் கிடங்கிலும் கோழிப் பண்ணையிலும் ஒரு நல்ல டெரியர் எலியைக் கவ்வி ஒரே உதறலில் முடித்துவிடும். விஷம் வைத்தால் எலி மெல்லச் சாகும், அதைத் தின்ற கூகைக்கும் விஷம் ஏறும். பிரிட்டனில் சோதிக்கப்பட்ட கூகைகளில் பெரும்பாலானவற்றின் கல்லீரலில் எலி மருந்தின் எச்சம் இருக்கிறது. சில வட்டாரத்து எலிகள் மருந்தையே எதிர்த்து நிற்கின்றன. நியூசிலாந்தில் இன்னும் நுட்பமான வேலை கிடைத்திருக்கிறது. பறவைகளுக்காக எலியை முற்றாக ஒழித்த தீவுகளில் மறுபடி எலி நுழைந்திருக்கிறதா என்று மோந்து சொல்லப் பயிற்சி பெற்ற டெரியர்களை அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கிறது. கொல்வது அவற்றின் பணி இல்லை, இருக்கிறது என்று காட்டினால் போதும். எலியோடு பழகும் எந்த நாய்க்கும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், அந்தக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்.

இவ்வளவு வேலை இருந்தும் பிறக்கும் குட்டிகளுக்கு அது போதாது. மிச்சக் குட்டிகள் வீடுகளுக்குப் போகின்றன. 1993இல் தொடங்கிய 'ஃபிரேசியர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் எடி என்ற ஜாக் ரசல் சோபாவில் உட்கார்ந்து எஜமானனின் மகனை முறைத்துப் பார்த்தது. அடுத்த ஆண்டு 'தி மாஸ்க்' படத்தில் இன்னொன்று. நாய் நடித்த படங்கள் வந்தபின் அந்த இனத்தின் பதிவுகள் பத்தாண்டுவரைகூட உயர்ந்து நிற்கும் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. எடியாக நடித்த மூஸ் என்ற நாயின் கதையை அந்த ரசிகர்கள் அறியவில்லை. கடித்து, தோண்டி, ஓயாமல் குரைத்து, முதல் வீட்டினர் சமாளிக்க முடியாமல் விலங்குப் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்ட நாய் அது. நாள் முழுக்க வேலையும் பயிற்சியாளரும் கிடைத்ததால் நட்சத்திரமானது. மற்றவற்றுக்கு அடுக்குமாடி வீடும் மாலையில் பத்து நிமிட நடையும் கிடைத்தன.

பொறுப்பான வளர்ப்பாளர் பெட்டை பருவத்துக்கு வரும் முன்பே வீடுகளைத் தேடத் தொடங்குகிறார். நான்கு பேராவது உறுதியாகக் காத்திருந்தால்தான் இணை சேர்ப்பார். வாங்க வருபவரிடம் அவர் கேட்கும் கேள்விகள் சம்பந்தம் பேச வந்தவர் கேட்பதைவிட நுணுக்கமாக இருக்கும்: வேலி எவ்வளவு உயரம், அடியில் தோண்ட முடியுமா, வீட்டில் முயலோ எலிக்குட்டியோ வளர்க்கிறீர்களா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு வைத்திருந்த நாய் எப்படிப் போனது? இன்னொரு வகை ஆளையும் அவர் கண்டுபிடித்தாக வேண்டும். வளைக்கரடியோடு சண்டைக்கு விடுபவன் குட்டியின் தாய்க்கு எத்தனை தழும்பு என்று பெருமையாக விசாரிப்பான். அவனுக்குக் குட்டி கிடையாது.

2020 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைக் கடைக்காரரோ இடைத்தரகரோ விற்க முடியாது. லூசி என்ற ஒரு நாயின் பெயரால் வழங்கும் சட்டம் அது. வாங்குபவர், குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயோடு சேர்த்து அதைப் பார்க்கலாம். எட்டு வாரத்துக்குள் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். இவை குறைந்தபட்சம். நல்லவர்கள் இதற்கு மேலே ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள்: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் நாயை வைத்திருக்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் இதன் குட்டிகளைப் பதிவு செய்யக் கூடாது என்ற குறிப்பைப் போட்டுவைத்து, சோதனைகள் முடிந்தபின் நீக்குபவர்களும் உண்டு.

அமெரிக்க ஜாக் ரசல் கிளப்பின் முறை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பெற்றோர் பதிவானவை என்பதற்காகக் குட்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள். ஒரு வயது முடியட்டும், மருத்துவர் பார்த்துச் சான்று தரட்டும், பிறகு அந்த நாய் தன் தகுதியில் உள்ளே வரட்டும் என்பார்கள். பெயர்ப் பெருமையை விலைக்கு வாங்க நினைப்பவர் இதனாலேயே விலகிவிடுவார்.

ஒரு வயதுச் சான்றும் லென்ஸ் நழுவலைக் காட்டாது, சோதனை இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோயையும் காட்டாது. அவற்றைக் காட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: அந்தக் குட்டிகள் போய்ச் சேர்ந்த வீடுகள். ஓர் ஈற்றின் குட்டிகள் ஆறு வீடுகளுக்குப் போயிருந்தால், அந்த ஆறு வீடுகளோடும் ஆண்டுக்கு ஒருமுறை பேசி, கண், காது, நடை, குணம் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பவரிடம், தாய்க்கு எட்டு வயதாகும்போது ஆறு நாய்களின் வாழ்க்கை இருக்கிறது. ஐந்தாவது ஆண்டில் ஒரு வீட்டிலிருந்து, இவன் இடது கண் திடீரென்று கலங்கிச் சிவந்திருக்கிறது என்று அழைப்பு வந்தால், அவர் முதலில் உடனே மருத்துவரிடம் ஓடச் சொல்வார். பிறகு மற்ற ஐந்து வீடுகளுக்கும் தெரிவிப்பார். அடுத்த மாதம் நடக்கவிருந்த இவனது தங்கையின் சேர்க்கையை நிறுத்தி, அதன் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். தந்தை நாயின் சொந்தக்காரருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போகும்.